பூவாயி வீட்டு இரண்டு நாய்கள்

முன்னொரு காலத்திலே, நிலாவில் இன்னும் கறை விழாத காலத்திலே, மேகங்கள் இறங்கி வந்து கூரைமேல் குந்திக்கொள்ளும் ஈரமலை நாட்டிலே, கொம்பையன், சீரங்கன் என்று அண்ணன் தம்பி இருவர் இருந்தார்கள். தொழில், டோலி தூக்குவது. மலையேற முடியாதவர்களை மூங்கில் கழியில் தொங்கும் தொட்டிலில் உட்காரவைத்து, ஒருவன் முன்னாலும் ஒருவன் பின்னாலும் சுமந்து போவார்கள். முன்னால் போகிறவனுக்குப் பாதை தெரியும். பின்னால் போகிறவனுக்கு முன்னால் போகிறவனின் முதுகு தெரியும். அவ்வளவுதான் வித்தியாசம். அதற்குத்தான் அத்தனை சண்டையும்.

"நான் மூத்தவன்டா. முன்னால நான்தான்." இது கொம்பையன். அண்டாவுக்குள் தலையை விட்டுப் பேசுகிற குரல்.

"போடா எருமை! உன் முதுகைப் பாத்துப் பாத்து என் கண்ணே அவிஞ்சு போச்சு." இது சீரங்கன். தகரத்தை ஆணியால் கீறுகிற குரல்.

ஒருநாள் செங்குத்தான சரிவில், இதே பேச்சு முற்றி, இருவரும் ஒரே சமயத்தில் கழியை விட்டுவிட்டார்கள். டோலி உருண்டது. டோலிக்குள் இருந்தவரும் உருண்டார். அவர் சாதாரண ஆளாக இருந்திருந்தால் கதை இத்தோடு முடிந்திருக்கும். அவர் மந்திரவாதி சுழிமூக்கன். சேற்றிலிருந்து எழுந்தபோது மூக்கு முழுக்கச் சேறு. அதனால் சாபமும் மூக்கு வழியாகத்தான் வந்தது.

"டேய்ங்! நாய்ங் மாதிரிங் சண்டையாங் போடுறீங்கங்? நாயாவேங் போங்கடாங்!"

போனார்கள். சரிவில் இரண்டு நாய்கள் நின்றன. செவலையும் பெரிதுமாக அண்ணன், கறுப்பும் சிறிதுமாகத் தம்பி. பேச்சு மட்டும் மனிதப் பேச்சாகவே இருந்தது.

"உன்னாலதான்டா!" என்றது செவலை.

"உன் மூஞ்சிக்கு இதுதான் பொருத்தம்!" என்றது கறுப்பு.

அவர்களுக்கு ஒரே அக்காள், பூவாயி. தாயும் தகப்பனும் போன பிறகு இருவரையும் வளர்த்தவள். சேதி கேட்டு ஓடிவந்து மந்திரவாதியின் காலில் விழுந்தாள். "சாமி, எனக்கு இவனுங்களை விட்டா யாரும் இல்ல சாமி!"

சுழிமூக்கன் மூக்கைச் சிந்தினார். குரல் கொஞ்சம் தெளிந்தது. "ஒரே கூரைக்குக் கீழே, கட்டிப்போடாமல், ஒரே பாயில், ஒருத்தன் முதுகை ஒருத்தன் நம்பிப் படுக்கணும். படுத்தால் மனுஷன். அதுவும் இந்த மழை விடுறதுக்குள்ளே. ஒவ்வொரு சண்டைக்கும் கொஞ்சம் கொஞ்சமாப் பேச்சு போகும். மழை விட்டுதுன்னா நாய் நாய்தான்."

அவர் போனார். மழை வந்தது.

ஈரமலை நாட்டில் பகை தீர்க்க ஒரு வழக்கம் உண்டு. வரப்புத் தகராறோ வாய்த் தகராறோ, பகையாளிகள் இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து, நடுவில் ஒரே இலை போட்டு, ஊரே சுற்றி நின்று சாப்பிட வைக்கும். கையோடு கை இடித்துச் சாப்பிட்டால் பகை கரைந்துவிடும் என்பது நம்பிக்கை. பூவாயிக்கு வேறென்ன தோன்றும்? பெரிய வாழையிலையாக அறுத்து வந்து, குழம்பு ஊற்றிப் பிசைந்து, நடுக்கூடத்தில் வைத்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து தின்னுங்கடா, என் ராசாக்களா."

முதலில் முறைத்தார்கள். பிறகு மூச்சை நிறுத்தினார்கள். பிறகு ரத்தம்.

இலை கிழிந்தது, சோறு சுவரெல்லாம் ஒட்டியது. அந்தச் சண்டையில் அவர்கள் நடந்த மலைகளின் பெயரெல்லாம் நாக்கிலிருந்து உதிர்ந்து போயிற்று.

சண்டைக்கு முன்னால் செவலை உறுமியதைப் பூவாயி கேட்டிருந்தாள். 'இந்த உறுமல்தான் எல்லாத்துக்கும் மூலம்' என்று நினைத்துக்கொண்டாள். விளக்குமாற்றை எடுத்தாள். "இனிமே இந்த வீட்ல எவனாவது உறுமினா, தோலை உரிச்சிடுவேன்!"

வீடு அமைதியானது. யாரும் உறுமவில்லை. பல்லைக் காட்டவில்லை. பூவாயி, பகை அடங்கிவிட்டது என்று மகிழ்ந்தாள். பாவம்.

இரண்டாவது சண்டை வாசற்படியில். வெளியே போகும்போது இருவருமே முந்தினார்கள். முதலில் முறைத்தார்கள். பிறகு மூச்சை நிறுத்தினார்கள். சத்தமே இல்லை. பிறகு ரத்தம். செவலையின் ஒரு காது பாதி போயிற்று. அப்பா பெயரும் அம்மா பெயரும் இருவர் நாக்கிலிருந்தும் போயின.

மூன்றாவது சண்டை பூவாயியின் மடியில். எப்போது சண்டை நடந்தாலும் அவள் கறுப்பைத்தான் வாரி எடுப்பாள். "சின்னவன் பாவம்டா, ஏன்டா அவனைப் போட்டுக் கடிக்கிற?" என்று செவலையைத் திட்டுவாள். கறுப்பு மடியில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்க்கும். அரியணையிலிருந்து பார்க்கிற பார்வை. அன்றும் பார்த்தது. முதலில் முறைப்பு, பிறகு மூச்சு நின்றது, பிறகு ரத்தம். இந்த முறை ரத்தம் பூவாயியுடையது. நடுவில் கையை விட்டிருந்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டுக் காத்தாயி எட்டிப் பார்த்தாள். "அடியே, சொன்னாக் கேளு. ஒண்ணை ஆத்துக்கு அந்தாண்ட விட்டுட்டு வா. ஒண்ணாவது உனக்கு மிஞ்சும்."

"எதை விடட்டும்? நீயே சொல்லுக்கா."

காத்தாயி இரண்டையும் பார்த்தாள். சேலைத் தலைப்பைத் தலைமேல் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பூவாயி கையில் துணி சுற்றிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள். செவலை வந்து எட்டவே நின்றது. அந்த அண்டாக் குரலில் இப்போது ஓட்டை விழுந்திருந்தது.

"அக்கா... அவன்... கிட்ட..."

"கிட்ட வந்தா என்னடா?"

செவலை வாயைத் திறந்தது. மூடியது. அடுத்த சொல் அதனிடம் இல்லை. தொண்டையில் ஏதோ எழும்பியது. விளக்குமாறு சாத்தியிருந்த மூலையைப் பார்த்ததும் அதையும் விழுங்கிக்கொண்டது.

பூவாயியும் அந்த மூலையைத் திரும்பிப் பார்த்தாள். கிட்ட வராதே, வலிக்கும். அதைத்தானே அந்த உறுமல் சொல்லிக்கொண்டிருந்தது! மந்திரவாதி பறித்தது மனிதப் பேச்சை. நாய்ப் பேச்சைப் பறித்தது நானல்லவா?

எழுந்தாள். விளக்குமாற்றை அடுப்பில் வைத்தாள்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு இலை. நடுவில் சுவர். ஊர் சிரித்தது. "கூடப் பிறந்தவனுங்களுக்கே ரெண்டு இலை போடுறா பாரு! குடும்பத்தைப் பிரிக்கிறவ!" அவள் காதில் வாங்கவில்லை. வாசற்படியில் ஒன்று உட்கார்ந்து காத்திருக்க, மற்றொன்று போகும். முறைப்பு தொடங்கினால் கையை விடமாட்டாள். முறத்தை நடுவில் நகர்த்துவாள், அவ்வளவுதான். தினமும் மழையில் இரண்டையும் இரண்டு பக்கமும் கயிற்றில் பிடித்துக்கொண்டு, ஒரே திசையில் நடத்திக் கூட்டிப்போவாள். நடக்கும்போது அவை ஒன்றையொன்று முறைக்கவில்லை. ஒரே புதரை மோந்தன.

மடி மட்டும் யாருக்கும் இல்லை. அதுதான் கஷ்டம். கறுப்பு வந்து முழங்காலில் தாடையை வைக்கும். "சின்னவன்..." என்று அதன் தகரக் குரல் கெஞ்சும். பூவாயி பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றுவிடுவாள். அதன்பிறகு அந்த மழை விடும்வரை அவள் தன் வீட்டில் உட்காரவே இல்லை.

"உறுமு ராசா," என்பாள் செவலையிடம். "பிடிக்கலைன்னா உறுமு. அக்கா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

முதலில் அது நம்பவில்லை. ஒருநாள் மெல்ல, மிக மெல்ல, உர்ர்ர் என்றது. கறுப்பு ஓர் அடி பின்வாங்கியது. அவ்வளவுதான். ரத்தம் வரவில்லை.

ஆனாலும் ஒருநாள் நடை வழியில், மண்ணுக்குள்ளிருந்து ஓர் எலும்பு தட்டுப்பட்டது. பூவாயி பார்ப்பதற்குள் இருவரும் பார்த்துவிட்டார்கள். ஒரே கடிதான். பிரித்துவிட்டாள். ஆனால் வீடு திரும்பும்போது இரண்டும் அவள் முகத்தைப் பார்த்தன. வாய்கள் அசைந்தன. ஒன்றும் வரவில்லை. மிச்சமிருந்த 'அக்கா'வும் போய்விட்டிருந்தது.

அதன்பிறகு அந்த வீட்டில் அவளைக் கூப்பிட யாரும் இல்லை. அவள் மட்டும் இரண்டு பெயர்களையும் தினமும் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டு இலை, இரண்டு கயிறு, ஒரு முறம். தூறல் மெலிந்துகொண்டே வந்தது.

கடைசியில் ஒரு மதியம், மேற்கே மேகம் கிழிந்து வெளிச்சம் எட்டிப் பார்த்தது. காத்தாயி வேலியோரம் வந்து நின்றாள். பூவாயி பாயை விரித்தாள். கயிறுகளை அவிழ்த்தாள். உள்ளே இருந்தால் மறுபடி தனக்காகப் போட்டி வரும் என்று தெரிந்து, வெளியே போய்த் தூறலில் நின்றுகொண்டாள்.

ஈர நாய்கள் இரண்டு உள்ளே போயின. செவலை பாயில் படுத்தது. கறுப்பு வந்து பாயின் ஓரத்தில் காலை வைத்தது.

உர்ர்ர்.

பூவாயி கண்ணை மூடிக்கொண்டாள். 'உள்ளே ஓடு' என்றது மனசு. கால்களை மண்ணில் ஊன்றினாள்.

கறுப்பு காலை எடுத்தது. உட்கார்ந்தது. வேறெங்கோ பார்த்தது. கொட்டாவி விட்டது. எழுந்து பெரிய வளைவாகச் சுற்றிப்போய், பாயின் மறுபக்கத்தில் நின்று மோந்தது. உறுமல் வரவில்லை. திரும்பி முதுகைக் காட்டிப் படுத்தது. செவலை தலை தூக்கி அந்த முதுகை நெடுநேரம் பார்த்தது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டு, தானும் திரும்பிப் படுத்தது. முதுகோடு முதுகு ஒட்டியது. தூங்கிவிட்டன.

கூரையிலிருந்து கடைசிச் சொட்டு விழுந்தபோது, பாயில் நாய்கள் இல்லை. இரண்டு மெலிந்த மனிதர்கள் படுத்திருந்தார்கள், உடம்பெல்லாம் பல் தழும்பு.

எழுந்து உட்கார்ந்தார்கள். பேச வாயெடுத்தார்கள். போன பேச்சு வரவில்லை. சீரங்கன் அண்ணனின் பாதிக் காதைப் பார்த்தான். தான் கடித்த காது. அவன் முகம் கோணியது. கையை நீட்டி, விரல் நுனியால் அதைத் தொட்டான்.

கொம்பையன் தொண்டையில் உர்ரென்று எழும்பியது. அது பாதியில் திரும்பி, நெஞ்சில் எதையோ தேடி எடுத்துக்கொண்டு, வாய்க்கு வந்தது.

"வலிக்குதுடா."

தம்பியின் கை நின்றது. அண்ணன் கொஞ்ச நேரம் பொறுத்து, காதை அந்தக் கைப்பக்கம் சாய்த்துக் கொடுத்தான். வெளியே பூவாயி, ஈர மண்ணென்றும் பாராமல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மற்றப் பேச்செல்லாம் அவர்களுக்கு ஒவ்வொன்றாக, மெதுவாக வந்து சேர்ந்தது. அவர்கள் அங்கே ஈரம் உலர்த்தட்டும். நாம் இங்கே கலைவோம்.