கரடியைச் சாய்த்தது யார்?

ஒரு சதுப்புக் காட்டில் குன்றுபோல் வலிமையுள்ள கரடி ஒன்று வாழ்ந்து வந்தது. ஒரு மழைக்காலத்தில் அதன் இடது கால் வீங்கியது. வீக்கம் வற்றவே இல்லை. மூன்று மழைக்காலம் கழிவதற்குள் அது யானையின் காலைப்போல் தடித்துவிட்டது. அடிக்கடி புண்ணும் காய்ச்சலும் வேறு வந்தன. தேனுக்காக மரமேறிய கரடி, கிழங்கு தேடக்கூட நொண்டி நொண்டிப் போயிற்று.

"யானைத் தடத்தை மிதித்திருக்கும். இது யானையின் சாபம்!" என்று விலங்குகள் ஒதுங்கின.

வைத்தியம் தெரிந்த முள்ளம்பன்றி மட்டும் அருகே போய்க் கரடியின் காலைக் கழுவித் துடைத்தது. பிறகு எல்லாரையும் அழைத்தது.

"இது சாபமில்லை. கொசு சுமந்து வரும் புழுக்களின் வேலை. இதோ மருந்து. எல்லாரும் விழுங்க வேண்டும்."

மிளா மான் கொம்பை ஆட்டியது. "வீங்கியது கரடியின் கால். மருந்து எனக்கு எதற்கு? நான் ஓடினால் காற்றுக்கே மூச்சு வாங்குமே!"

சொல்லிவிட்டுக் குட்டைக்கரைக்குப் போய்விட்டது. அங்கே ஒரு கொசு அதன் காதருகே ரீங்கரித்தது.

"தூரப் போ! வாலால் அடித்தால் செத்துப்போவாய்."

கொசுவுக்கு ரோஷம் வந்தது. "கரடியையே சாய்த்த குலம் எங்கள் குலம்!"

"எள்ளளவு உடம்பை வைத்துக்கொண்டா?"

"நாங்கள் வெறும் வண்டி. ஒருவர் ரத்தத்தோடு கண்ணுக்குத் தெரியாத புழுக்குஞ்சுகளையும் உறிஞ்சுவோம். பத்துப் பன்னிரண்டு நாள் எங்களுக்குள் வளரும். அடுத்தவரைக் கடிக்கும்போது இறங்கிக்கொள்ளும்."

"கரடிக்கு யாருடைய ரத்தத்திலிருந்து கொண்டுபோனீர்கள்?"

"உன்னுடையதிலிருந்துதான்! பல வருடமாக நீதானே எங்களுக்கு ஊற்று!"

மிளா குட்டை நீரில் தன் உருவத்தைப் பார்த்தது. துள்ளி ஓடும் இந்த உடம்புக்குள்ளா ஆயிரமாயிரம் உயிர்கள் நீந்துகின்றன? கண்ணுக்கே தெரியாத ஒன்றா, கொசுவின் மேலேறிப் போய் ஒரு குன்றைச் சாய்த்தது?

மறுநாள் மருந்துக்கு முதல் ஆளாக வந்து நின்றது மிளா. விழுங்கியதும் கரடியிடம் போய்த் தலைகுனிந்தது.

"என்னிடமிருந்துதான் வந்ததாம், கரடியாரே. சத்தியமாக எனக்குத் தெரியாது."

கரடி நொண்டியபடி எழுந்தது. "எனக்கும்தான் தெரியாது. வா, கொசு பெருகும் அந்தக் குட்டையைத் தூர்ப்போம்."

ஆண்டுதோறும் காடே மருந்து விழுங்கியது. கரடியின் கால் பழையபடி மெலியவில்லை. தினமும் கழுவிப் பேணியதால் புண்ணும் காய்ச்சலும் குறைந்தன. அதற்குப் பிறகு பிறந்த எந்தக் குட்டிக்கும் கால் வீங்கவில்லை.

நீதி: நோய் தெரியாத உடம்பிலும் நோய் ஒளிந்திருக்கும், எல்லாரும் மருந்துண்டால்தான் எல்லாரும் பிழைக்கலாம்.