தலைகீழாக எடுத்த படம்

லென்ஸ் நல்லதா கெட்டதா என்று சொல்லும் தொழில்காரர்கள் ஊட்டிக்குப் போய்ப் படம் எடுப்பதில்லை. செங்கல் சுவரைத்தான் எடுப்பார்கள். கல் வரிசையைப் பார்த்தால் லென்ஸின் வண்டவாளம் தெரிந்துவிடும். மூலை மங்கினாலும் தெரியும், நேர்கோடு வளைந்தாலும் தெரியும். மற்றபடி சுவரைப் பார்க்க அவர்களுக்கு வேறு வேலை இல்லை.

கோவையில் ரெஜினா அந்தத் தொழிலில் கெட்டிக்காரர். வயது நாற்பதுகூட ஆகவில்லை. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த பொன்னுச்சாமி ஐம்பதைத் தாண்டியவர், ஊரில் பாதிக் கல்யாணங்களைப் படம் எடுத்தவர். சீடர் குருவை டீச்சர் என்றார். குரு சீடரை அண்ணா என்றார்.

அவர்கள் படம் எடுக்கும் சுவர், மூடிப்போன ஒரு மில்லின் மதில். அதன் அடியில் சரசாள் இஸ்திரி வண்டி போட்டிருந்தாள். அவள் புருஷன் ரங்கன் துணிகளை வீடு வீடாகக் கொடுத்துவிட்டு வந்து, மத்தியானம் அந்த நிழலில் துண்டை விரித்துப் படுப்பான். பொன்னுச்சாமி கேமராவோடு வந்தால் இருவரும் விலகிக்கொள்வார்கள். எடுத்து முடித்ததும், "ஆச்சு, போய் உக்காருங்க" என்று அவரே அனுப்பிவைப்பார்.

மழை விட்ட மறுநாள் ஒரு புது லென்ஸ் சோதனைக்கு வந்திருந்தது. ஃபுல் ஃப்ரேம் மிரர்லெஸ் என்ற விலை கூடிய புது ரகக் கேமராவுக்கானது. அகலமாகப் பிடிக்கும், மங்கிய வெளிச்சத்திலும் எடுக்கும். தீர்ப்பை முதல் முறையாகப் பொன்னுச்சாமியிடமே விட்டிருந்தார் ரெஜினா. அவர் காலையில் போய் எடுத்துவந்து, மத்தியானம் வரை கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டீச்சர், இதைத் திருப்பி அனுப்பிரலாமுங்க."

"ஏனுங்ண்ணா?"

"மூலையெல்லாம் அருமையா இருக்குதுங்க. லென்ஸ் துளையை முழுசாத் திறந்து வெச்சு எடுத்தாலும் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாத் தெரியுது. ஆனா இடப்பக்கம் கோட்டை வளைக்குதுங்க. தொந்தி மாதிரி உப்பிக் கெடக்குது."

"காட்டுங்க."

"கம்ப்யூட்டர்ல கொஞ்சம் இழுத்து விட்டா சரியாயிருதுங்க. இந்தா பாருங்க." இழுத்துக் காட்டினார். படத்தில் சுவர் நூல் பிடித்தாற்போல நிமிர்ந்தது. அவருக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

"வலப்பக்கம் எப்படி?"

"அங்க நேராத்தான் இருக்குதுங்க."

"லென்ஸ் வளைச்சா ரெண்டு பக்கமுமல்ல வளைக்கணும்?"

பொன்னுச்சாமி யோசித்தார். அதற்குள் ரெஜினா எழுந்துவிட்டார்.

"கேமராவையும் ஸ்டாண்டையும் எடுங்க. வேகமா வாங்க."

செருப்புகூட மாட்டாமல் அவர் முன்னால் ஓடினார்.

சுவருக்கு எதிரே போனதும் சொன்னார்: "எப்பவும் போல அவங்களைத் தள்ளிக்கச் சொல்லுங்க. இன்னைக்கு வண்டியையும்."

"வண்டி ஓரமாத்தானுங்க இருக்குது. மறைக்காது."

"வண்டியையும்ங்ண்ணா. ரோட்டுக்கு அந்தப் பக்கம் போகட்டும்."

சரசாள் முணுமுணுத்தாள். "காலைலதானுங்க எடுத்தீங்க? பொட்டி காஞ்சு கெடக்குது, நான் எப்பத் துணியத் தேய்க்கிறது?" இருந்தாலும் புருஷனும் பெண்டாட்டியுமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"அதே இடம், அதே உயரம். கேமராவை மட்டும் ஸ்டாண்டுல தலைகீழா மாட்டி எடுங்க," என்றார் ரெஜினா.

பொன்னுச்சாமி எடுத்தார். படத்தை நிமிர்த்திப் பார்த்தார்.

"எந்தப் பக்கம் உப்பியிருக்குது?"

"இடப்பக்கந்தானுங்க. அதே கல்லுங்க."

"கோளாறு லென்ஸ்ல இருந்தா?"

"கேமராவோட சேந்து அதுவும் திரும்பி, வலப்பக்கம் போயிருக்கணு..."

கேமராவை விட்டுக் கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தார். தினம் பார்க்கிற சுவர், மழையில் ஊறி, ரோட்டுப் பக்கமாகத் தொந்தி தள்ளி நின்றது.

அவர் நிமிர்ந்ததைப் பார்த்து, வேலை முடிந்தது என்று ரங்கன் நினைத்துவிட்டான். எப்போதும் போலத் துண்டோடு நிழலுக்குத் திரும்பிக் குனிந்து விரித்துக்கொண்டிருந்தான்.

"ரங்கா! வெளிய வாடா!"

"இன்னும் எடுக்கலீங்களா சார்?"

பொன்னுச்சாமி பாய்ந்து போய் அவன் கையைப் பிடித்து இழுத்தார். இருவரும் நடுரோட்டில் விழுந்தார்கள். லாரியிலிருந்து ஜல்லி கொட்டுவது போல ஒரு சத்தம். அப்புறம் தூசி. சரசாள் போட்ட கூச்சல் மட்டும் அதற்குள்ளிருந்து கேட்டது.

தூசி அடங்கியபோது ரங்கன் துண்டு விரித்த இடத்தில் இடுப்பளவுக்குக் கல் கிடந்தது. சரசாள் ஓடிவந்து புருஷன் முதுகில் ரெண்டு போட்டாள். பிறகு அவனைக் கட்டிக்கொண்டு அழுதாள். பிறகு பொன்னுச்சாமியைப் பார்த்துக் கை கூப்பினாள்.

"கும்பிடாத தாயி," என்றார் அவர். "காலைல நாந்தான் உங்களைப் போய் உக்காரச் சொன்னேன்."

அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்துவிட்டார். ஸ்டாண்டில் நின்ற கேமராவை ரெஜினா கழற்றி எடுத்துக்கொண்டார்.

"காலைல இருந்து ஒவ்வொரு கல்லாப் பெருசு பண்ணிப் பாத்தனுங்க டீச்சர். ஒவ்வொரு கல்லா."

கூட்டம் கூடியது. யாரோ போலீஸுக்குப் போன் செய்தார்கள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். பொன்னுச்சாமி வாங்கிக் குடித்தார். கேட்பதற்கு அவருக்கு வேறு கேள்வி தோன்றவில்லை.

"இனி லென்ஸைச் சோதிக்க வேற சுவர் வேணுமுங்களே. எந்தச் சுவரை எடுக்கட்டும்?"

ரோட்டின் அந்தப் பக்கம் ரங்கனும் சரசாளும் வண்டியைத் தள்ளிக்கொண்டு நிழல் தேடிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரெஜினா அவர்களைப் பார்த்தபடி கேமராவைத் திருப்பிக் கொடுத்தார்.

"அவங்க எங்க போய் நிறுத்தறாங்களோ, அந்தச் சுவரைங்ண்ணா."