சுவருக்கு நாற்பது

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு சொல் பொய்யானாலும் என் பல்லெல்லாம் கொட்டட்டும். மூன்றுதான் இருக்கிறது, இருந்தாலும் சத்தியம் சத்தியம்தான்.

மலையடி மடத்துச் சாமிக்கு அப்போது வயது நூற்றிருபது. சீடனாகச் சேர வந்தவர் பொன்னப்பன், ஐம்பது தாண்டியவர். மடத்தில் ஒரு விதி. பௌர்ணமிக்குள் நூறு செங்கல் செய்தால் தீட்சை. இல்லையென்றால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அந்த மாதம் பத்து நாள் விடாத மழை. புளியமரக் கிளையில் கெண்டை மீன் நீந்தியதை நானே பார்த்தேன்.

பௌர்ணமியன்று மடத்துக் கணக்கர் தெய்வநாயகம் எண்ணினார்.

"வெந்தது நாற்பது. மூட்டையைக் கட்டும் ஓய்!"

"இன்னும் வேகாத அந்தப் பச்சைக்கல் நூற்றிருபது?"

"மழையில கரையுறதெல்லாம் கல்லா?"

பொன்னப்பன் மூட்டையைக் கட்டினார். அந்நேரம் சாமி வந்து ஒரு பச்சைக்கல்லைக் கையில் எடுத்தார்.

"பொன்னப்பா, இதுல மண்ணு எவ்வளவு?"

"முழுக்கல்லுக்கு உண்டான மண்ணு, சாமி."

"வேலை?"

"குழைச்சு அச்சுல அறுத்தாச்சு. காயணும், வேகணும். பாதி வேலை பாக்கி."

"நாயகம், நூற்றிருபது கல்லில் பாதிப்பாதி வேலை. எத்தனை முழுக்கல் வேலை?"

"அறுபது." கணக்கருக்குத் திடுக்கென்றது. "அதுக்காக ரெண்டு பச்சைக்கல்லைச் சேர்த்தா ஒரு செங்கல் ஆயிடுமா சாமி? சுவர் நிக்குமா?"

"நிக்காது. சுவருக்கு எண்ணினா நாற்பது. பொன்னப்பனுக்கு எண்ணினா நூறு."

கணக்கர் விடவில்லை. "அடுத்த மாசம் இதெல்லாம் வெந்ததும் நூற்றிருபதுன்னு வந்து நிப்பாரே?"

"அந்த மாசக் கணக்குல அறுபதுதான். முதல் பாதியை இன்னிக்கே கொடுத்துட்டோமே."

கணக்கர் அதையும் ஏட்டில் குறித்துக்கொண்டார்.

பொன்னப்பன் மூட்டையை அவிழ்த்தார். ஆனாலும் மனம் ஆறவில்லை.

"சாமி, வயசு அம்பத்திமூணு. ஒண்ணும் முடிக்காத ஆளு நான். என்னை எண்ணினா எவ்வளவு தேறும்?"

சாமி அவர் தோளில் ஒட்டியிருந்த சேற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"மண்ணு முழுசா இருக்கு. போ, சூளையை மூட்டு."

அவ்வளவுதான். சொன்னது நான் என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். தெய்வநாயகம் இன்னும் அந்தக் கெண்டை மீனை எண்ணத் தேடிக்கொண்டிருக்கிறார்.