ஒரு ஒன்றும் பத்துப் பூஜ்யமும்

ஊருக்கெல்லாம் கரண்டு வந்து, கரண்டுக்கெல்லாம் கருவி வந்த பிறகு, ஒரு மலையடிவாரத்திலே ஒரு சோதனைக்கூடம் இருந்ததாம். அங்கே குரு சின்னவர், சீடர் பெரியவர்.

குரு தில்லைநாயகிக்கு முப்பத்தொரு வயது. சீடர் செங்கோடனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. இருபத்தைந்து வருஷம் கரண்டுக் கம்பத்தில் ஏறி இறங்கிவிட்டு, முழங்கால் போதும் என்று சொன்ன பிறகு கற்றுக்கொள்ள வந்தவர்.

ஒருநாள் சாயங்காலம் காகிதமும் கையுமாக வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நம்ம மீட்டருக்குப் புத்தி பிசகிப்போச்சு."

"என்ன சொல்லுது?"

"முதல்ல ஆமாங்குது, அப்புறம் இல்லைங்குது."

காலையிலிருந்து சூட்டறைக்குள்ளே ஒரு பவர் பெட்டி வெந்துகொண்டிருந்தது. பச்சைக் குழந்தையைக் கதகதப்பாக வைக்கும் தொட்டிலுக்குப் போகவேண்டிய பெட்டி. சோதனை முடியும்வரை அறைக் கதவைத் திறக்கக்கூடாது. உள்ளே இருக்கும் மீட்டரோடு வயர் வழியாகத்தான் பேச்சு. வோல்டேஜ் எல்லை மீறினால் மீட்டர் தன் ரிஜிஸ்டர் என்ற நினைவுக் கட்டத்தில் ஒன்று என்று குறித்துவைக்கும். மீறாவிட்டால் பூஜ்யம். வெளியிலிருந்து கேட்டால் சொல்லும்.

"ஆறு மணி நேரம் முடிஞ்சதும் ரிஜிஸ்டரைக் கேட்டேன். ஒண்ணுன்னுச்சு. தூக்கிவாரிப் போட்டுது. அவசரப்படக்கூடாதுன்னு மறுபடி கேட்டேன். பூஜ்யம். இன்னொரு தடவை. பூஜ்யம். பத்துத் தடவை கேட்டேன்மா. பத்தும் பூஜ்யம்."

"எதை எழுதினீங்க?"

"ஒருத்தன் சொல்றதையா எழுதறது, பத்துப் பேர் சொல்றதையா? குறை இல்லைன்னு எழுதிட்டேன். கையெழுத்துதான் பாக்கி. பெட்டியை ஏத்த வேன் வாசல்ல நிக்குது."

செங்கோடன் தன் பெயரில் போடப்போகும் முதல் கையெழுத்து அது. அதற்கென்றே சலவைச் சட்டை போட்டு வந்திருந்தார்.

தில்லைநாயகி காகிதத்தை வாங்கவில்லை. எழுந்து வாசலுக்குப் போனார்.

கதவில் ஒரு சிலேட்டு தொங்கும். அவர் இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் சேதி எழுதிவிட்டுப் போவார்கள். இன்றைக்கு நாலு வரி இருந்தது. படித்தார். சிரித்துக்கொண்டார். துப்பட்டா நுனியால் சிலேட்டைத் துடைத்தார்.

"அண்ணே, உங்க வீட்டுக்காரம்மா மத்தியானம் வந்திருக்காங்க."

"தங்கமணியா? என்ன எழுதியிருக்கா?"

சிலேட்டை நீட்டினார்.

"இதுல ஒண்ணுமில்லையே."

"மறுபடி பாருங்க."

பார்த்தார். "இல்லைம்மா."

"இன்னும் எட்டுத் தடவை இருக்கு."

"விளையாடாதீங்கம்மா. நீங்கதான் படிச்ச கையோட அழிச்சிட்டீங்களே. இனிமே நூறு தடவை பார்த்தாலும்..."

கை நீட்டிச் சிலேட்டை வாங்கினார்.

சிலேட்டைப் பார்த்தார். கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"கேட்டதுமே அழிச்சிடுமா அது?"

"சேதி போய்ச் சேர்ந்தாச்சுன்னு நினைச்சுக்கும். அடுத்ததை எழுத இடம் வேணுமில்ல."

செங்கோடன் முக்காலியில் உட்கார்ந்தார். 'குறை இல்லை' என்பதை ஒரே கோடாக அடித்தார். 'முதல் வாசிப்பு: ஒன்று. எல்லை மீறியது. பெட்டி போகக்கூடாது' என்று எழுதினார். கையெழுத்துப் போட்டார்.

வெளியே போய் வேன்காரரிடம் சொன்னார்: "திருப்பிக்கப்பா."

"மூணு மணி நேரம் காக்க வெச்சதுக்கு ஒரு டீயாவது உண்டா?"

"உண்டு, நாளைக்கு."

வேன் முனகிக்கொண்டே போய்விட்டது.

திரும்பி வந்தபோது தில்லைநாயகி பையைத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தார்.

"எல்லாஞ் சரிம்மா. தங்கமணி என்ன எழுதியிருந்தா?"

"வீட்டுல கேட்டுக்கங்கண்ணே."

"உங்களுக்கு அவளைத் தெரியாது. ஒரு தடவைதான் சொல்லுவா."

தில்லைநாயகி ஸ்கூட்டரை உதைத்துக் கிளப்பினார். திரும்பிப் பார்க்கவில்லை. தோள் மட்டும் சிரிப்பில் குலுங்கியது.

செங்கோடன் விளக்கை அணைத்தார். கதவைப் பூட்டினார். முழங்காலையும் பாராமல் எட்டி நடந்தார்.