தூணாக நின்ற அண்ணன்மார்

ஆவாரங்குளத்துச் சிங்காரவேலு, நல்லகண்ணு, பச்சையப்பன் மூவரும் உடன்பிறந்தவர்கள். நல்லவர்கள், சொன்ன சொல்லை அப்படியே கேட்பவர்கள். துன்பம் அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் தங்கை செண்பகத்துக்கு அவர்கள் வீட்டுக் கூடத்தில் நிச்சயதார்த்தம். அந்த நேரம் பார்த்து மரத்தூண் ஒன்றில் மண்கோடு ஏறியிருந்தது. கூடம் நின்றால்தான் சம்பந்தம் நிற்கும் என்று பதறி, மருந்தடிக்கும் கோவிந்தராசுவை அழைத்து வந்தார்கள்.

அவர் தூணைத் தட்டினார். உள்ளே பொள்ளலாய் ஒலித்தது.

"கரையான்தான். நாளைக்கு மருந்தோட வர்றேன். ஜன்னலோரம் ஈசல் இறகு உதிர்ந்து கிடந்தா அலட்சியமா விட்டுடாதீங்க. முக்கியமா, மரம் மண்ணைத் தொடக்கூடாது."

அவர் தெருத் திரும்புமுன் வேலை தொடங்கிவிட்டது. பச்சையப்பன் உதிர்ந்த இறகுகளை ஒன்றுவிடாமல் பொறுக்கிக் குங்குமச் சிமிழில் பத்திரப்படுத்தினான்.

"யாரோடதுன்னு தெரியலண்ணே. தேடி வந்தா குடுத்துடணும்."

அடுத்து, தூண்கள்.

"மண்ணைத் தொடக்கூடாதுன்னா, எவ்வளவு உசரம் விடணும்?" என்றான் நல்லகண்ணு.

"ஒரு முழம் போதும். கரையானுக்குக் கால் குட்டை," என்றார் சிங்காரவேலு.

"அப்ப தூணு எதுமேல நிக்கும்?"

"அதை அவர் சொல்லலையே. சொல்லாததைச் செய்யறது தப்புடா."

கூடத்தின் மூன்று தூண்களையும் அடியில் ஒரு முழம் அறுத்தெடுத்தார்கள். கூரை முனகியது. மூவரும் பாய்ந்து, ஆளுக்கொரு தூணைக் கட்டிப்பிடித்துத் தாங்கினார்கள். அப்படியே விடிந்தது. மருந்தோடு வந்த கோவிந்தராசு எட்டிப் பார்த்தார். மருந்தை வாசலிலேயே வைத்துவிட்டு நடையைக் கட்டினார்.

"ஐயோ அண்ணே, மாப்பிள்ளை வீட்டார் வர்ற நேரமாச்சே!" என்று அழுதாள் செண்பகம்.

"அழாதேம்மா. வாங்கன்னு கூப்பிட வாய் சும்மாதானே இருக்கு?" என்றார் சிங்காரவேலு.

வந்தார் மாப்பிள்ளையின் தகப்பனார் மாசிலாமணி. "என்ன சம்பந்தி, நாலடி முன்னால வந்து கூப்பிடக்கூடாதா?"

"கரையான், சம்பந்தி."

"அப்படிச் சொல்லுங்க," என்று அவர் சமாதானமானார்.

தாம்பூலத் தட்டு மாற்றும் நேரம் வந்தது. பெரியவர் நீட்டும் தட்டை ஒற்றைக் கையால் வாங்குவது மரியாதை அல்லவே! சிங்காரவேலு இரண்டு கைகளையும் நீட்டினார். கூடத்தில் ஒரு பக்கத்து ஓடுகள் மொத்தமும் சரிந்தன. யாருக்கும் அடியில்லை. புழுதி அடங்கியபோது தட்டில் ஒரு வெற்றிலைகூடக் கலையவில்லை.

மாசிலாமணி உருகிப்போனார்.

"மரியாதைன்னா இதுதான்! கல்யாணத்தை எங்க வீட்டுலயே வெச்சுக்கலாம். அங்கேயும் கரையான் தொல்லை, தூணை அறுத்துடுவோம். ஆனா எங்களுக்கு நாலு தூணாச்சே. நீங்க மூணு பேர்தானே?"

"மாப்பிள்ளை மணையில சும்மாதானே உட்கார்ந்திருப்பார்?" என்றான் பச்சையப்பன்.

"தாலி கட்ட ரெண்டு கையும் வேணுமே!"

சபை ஆழ்ந்த யோசனையில் மூழ்கியது. நெடுநேரம் கழித்து நல்லகண்ணுவின் முகம் மலர்ந்தது.

"அந்த நேரத்துக்கு மட்டும் செண்பகம் தூணைப் பிடிச்சுக்கட்டும்."