சத்தம் போட்ட சக்கரம்

கோத்தகிரியில் மெஹருன்னிசாவின் ஒர்க்‌ஷாப்பில் தொழில் கற்றுக்கொள்ள வந்தபோது வேலாயுதன் சமவெளியில் பல வருஷம் லாரி ஓட்டி முடித்திருந்தார். குருவை விட பத்து வயது மூத்த சிஷ்யர். அவள் அவரை 'அண்ணே' என்பாள். அவர் அவளை 'மேஸ்திரியம்மா' என்பார். அவள் ஒரு வண்டியைத் தொட்டால் அவர் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒருநாள் மத்தியானம் கல்யாண வேன் ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு வந்து நின்றது. உள்ளே பெண் வீட்டார். சாயங்காலம் மேட்டுப்பாளையத்தில் நிச்சயதார்த்தம்.

"சத்தம் மட்டும்தான்மா. பிரேக் நல்லாப் பிடிக்குது" என்றான் டிரைவர் ஜெபராஜ்.

அவள் முன்சக்கரத்தைக் கழற்றினாள். பிரேக் பேடு வெற்றிலை போல மெலிந்திருந்தது.

"இது என்ன வேலை செய்யுதுன்னு தெரியுமாண்ணே?"

"நிறுத்துது."

"மிதிச்சா ரெண்டு பேடும் சக்கரத்தோட சேர்ந்து சுத்தற இந்தத் தட்டை ரெண்டு பக்கமும் இறுக்கிப் பிடிக்குது. வண்டியோட வேகம் பூராவும் சூடா மாறுது. அந்தச் சூட்டை வாங்கி வாங்கித்தான் இது தேயுது." பேடின் ஓரத்திலிருந்த சின்னத் தகட்டைத் தொட்டுக் காட்டினாள். "ரொம்ப மெலிஞ்சதும் இந்தத் தகடு தட்டுல உரசும். கத்தறதுக்குன்னே வெச்சது."

வேலாயுதன் தயங்கினார். "மாத்துறதுக்குப் புதுசு நம்மகிட்ட இல்லையே. தகட்டைக் கொஞ்சம் வளைச்சு விட்டா சத்தம் நின்னுடும். ஒரு நடைதானே, மேஸ்திரியம்மா?"

"சத்தம் நிக்கும்ணே. வண்டி?"

அவர் குனிந்து அந்தத் தகட்டைப் பார்த்தார்.

ஓரமாக அவளுடைய சொந்த வேன் நின்றது. அதே ரகம். தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு அன்று சாயங்காலம் ஊட்டிக்குப் போகத் துடைத்து வைத்திருந்தாள். போன வாரம்தான் அதற்குப் புது பேடு போட்டிருந்தாள். ஜாக்கியை அதனடியில் தள்ளினாள். இரண்டு முன்சக்கரத்துப் பேடுகளையும் கழற்றிக் கல்யாண வேனில் மாட்டினாள். எண்ணெய்ப் பிசுக்கு படாமல் அவற்றை அவள் விளிம்பில் மட்டும் பிடித்த விதத்தை வேலாயுதன் கண்ணெடுக்காமல் பார்த்தார். பிறகு வேனை அவளே ஒரு சுற்று ஓட்டி, மிதித்து, நிறுத்தி, மறுபடி ஓட்டிப் பார்த்துத்தான் சாவியைக் கொடுத்தாள்.

"இறக்கத்துல ரெண்டாவது கியர்லயே போங்க தம்பி. மிதிச்சுக்கிட்டே இறங்காதீங்க."

வேன் போனது. அவள் கை கழுவிக்கொண்டு ஊட்டி பஸ்ஸுக்குப் புறப்பட்டாள்.

மறுநாள் அவள் வந்தபோது வேலாயுதன் முகத்தில் ஒரு சங்கடம் இருந்தது.

"ஜெபராஜ் போன் பண்ணான். நல்லபடியாப் போய்ச் சேர்ந்துட்டாங்களாம்."

"சந்தோஷம்."

"வழியெல்லாம் ரோடு காலியாம். ஒரு இடத்துலகூட அழுத்தி மிதிக்க வேண்டி வரலையாம்." ஜாக்கி மேல் நிற்கும் அவள் வேனைப் பார்த்தார். "பஸ்ல நின்னுக்கிட்டே போய், விசேஷம் முடிஞ்சப்புறம்தான் போய்ச் சேர்ந்தீங்களாமே. எனக்கு மனசே ஆறல. அந்தப் பழைய பேடே அவங்களைக் கொண்டு சேர்த்திருக்கும் இல்ல?"

மெஹருன்னிசா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தாள்.

"சேர்த்திருக்கும்ணே. அந்தத் தைரியத்துல அடுத்த நடையும் அதோடவே இறங்கியிருப்பான்."