மன்னனின் மனமும் ஒரு கொட்டாவியும்

முன்னொரு காலத்தில், அதாவது ராஜாக்களுக்கு உட்கார்ந்து யோசிக்கப் பொழுது கிடைத்த காலத்தில், ஒரு நாட்டை வல்லபதேவன் என்ற மன்னன் ஆண்டு வந்தான். பக்கத்து நாட்டார் யாரும் சண்டைக்கு வராததால் அவனுக்கு ஞானம் வந்துவிட்டது. வாழ்க்கை என்றால் என்ன, மனம் என்றால் என்ன என்று மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு சபையைக் கூட்டிப் பேசத் தொடங்கினான். வெயில் வேளை, வயிறு நிறையச் சோறு, அதற்குமேல் மன்னனின் ஞானம். யாருக்குத்தான் கண் சொக்காது?

ஒருநாள் விகடகவி கூத்தப்பனுக்குச் சொக்கிவிட்டது. "என் மனம் என் அடிமை" என்று மன்னன் சொல்லி நிறுத்திய இடத்தில் அவனுடைய குறட்டை கேட்டது. அவன்மேல் வெகுநாளாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்த மந்திரி விருத்தகிரிக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. கூத்தப்பன் தூங்கவில்லை, மன்னரின் தத்துவத்தைக் குறட்டையால் கேலி செய்கிறான் என்று எழுந்து நின்று பற்றவைத்தார்.

மன்னனுக்கு முகம் சிவந்தது. "கூத்தப்பா, என் மனம் எனக்கு அடங்கியது என்பதை நீ நம்பவில்லையா?"

தூக்கக் கலக்கத்தில் கூத்தப்பன் உண்மையைச் சொல்லித் தொலைத்தான். "யார் மனமும் அவரவருக்கு முழுதாக அடங்காது, மகாராஜா."

விருத்தகிரி அத்தோடு விடுவாரா? அப்படியானால் இதே சபையில், இப்போதே நிரூபிக்கட்டும்; மன்னரைத் தொடக்கூடாது, ஒரு வார்த்தை பேசக்கூடாது; தோற்றால் பொழுது சாய்வதற்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போகட்டும் என்றார். மன்னனும் சரி என்றுவிட்டான்.

கூத்தப்பனுக்கு முதலில் வீட்டு நினைப்புதான் வந்தது. வீட்டில் மனைவி நிறைமாத கர்ப்பிணி. அவளை எந்த ஊருக்கென்று நடத்திக்கொண்டு போவது? பேசிப் பிழைத்தவனின் பேச்சைப் பிடுங்கிக்கொண்டால் மிச்சம் என்ன இருக்கிறது? பேசக்கூடாது என்றுதானே சொன்னார்கள், வாயைத் திறக்கக்கூடாது என்று சொல்லவில்லையே என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சிம்மாசனத்துக்கு நேரெதிரே போய் நின்றான். கைகளைத் தூக்கிச் சோம்பல் முறித்து, கடைவாய்ப் பல் தெரிய, நிதானமாக ஒரு கொட்டாவி விட்டான். ஊர் வழக்கப்படி வாய்க்கு முன்னால் சொடக்கும் போட்டுக்கொண்டான்.

முதலில் சாமரம் வீசுகிறவள் வாயைத் திறந்தாள். அப்புறம் வாயிற்காவலர்கள். பிறகு வரிசை வரிசையாகச் சொடக்குச் சத்தம், பந்தல் ஓலையில் மழை விழுவது போல. விருத்தகிரி அங்கவஸ்திரத்தை வாயில் திணித்துப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டியதுதான் மிச்சம், அவரும் விட்டார். மன்னன் பல்லைக் கடித்தான். மூக்கு விடைத்தது, தாடை நடுங்கியது. கடைசியில் வாய் பிளந்துகொண்டது. அவன் கை தானாகவே எழுந்து சொடக்குப் போட்டது.

"இப்போது பேசலாமா, மன்னா?" என்றான் கூத்தப்பன். "மனம் நமக்கு அடிமையும் இல்லை, எஜமானும் இல்லை. அடுத்த வீட்டுக்குப் போய்ப் போய் வருகிற குழந்தை அது. அங்கே பார்த்ததை இங்கே வந்து செய்யும். அதனால்தான் நாலு பேர் நடுவில் மனிதன் வாழ்கிறான்."

மன்னனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதுவும் சபை முழுக்கத் தொற்றிக்கொண்டது. விருத்தகிரி கூடச் சிரித்துவிட்டார், பாவம். மன்னன் தன் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தப்பன் கழுத்தில் போட்டான்.

"நாளைக்கு மனத்தைப் பற்றி நீயே பேசு. நான் உன் இடத்தில் உட்கார்ந்து தூங்குகிறேன்."